யார் பேச்சு எடுபடும்?

அந்தக் காலத்துப் பஞ்சாலையில் வேலை வேண்டுமென்றால் மேனேஜரைப் பார்க்கத் தேவையில்லை. பார்க்கவும் முடியாது. மேஸ்திரியைப் பார்த்தால் போதும். ஊரிலிருந்து ஆள் கூட்டி வருபவர் அவர். எந்த மெஷினில் யார் நிற்பது, யாருக்கு லீவு, யார் நாளைக்குப் பதிலியாகக் கேட்டுக்கு வெளியே காத்து நிற்பது என்று முடிவு செய்பவரும் அவர்தான். அவர் கைக்கு மாமூல் போகும். பண்டிகை வந்தால் தேங்காய் பழத்தோடு வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். வெள்ளைக்கார அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, தொழிலாளிக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நின்ற மேஸ்திரியின் வாய் வழியாகத்தான் எதுவும் மேலே போகும், எதுவும் கீழே வரும்.

மேலிருந்து ஒருவருக்குக் கொடுத்துவிட்ட அதிகாரம் அது. அதனால் தொழிலாளிகள் தங்களுக்குள் பேசிக்கொண்ட பேச்சுக்கு மில்லுக்குள் எடையே இல்லை. தறிச் சத்தத்தில் பேசவும் முடியாது. பாதி நேரம் கையசைவிலும் உதட்டசைவிலும்தான் சேதி போகும். 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி பஞ்சாலையில் ஓர் ஆணிடம் நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். அத்தனை நேரம் வாயைக் கட்டிக்கொண்டு நின்றவன், சங்கு ஊதி கேட்டைத் தாண்டியதும் பேசத்தான் செய்வான். யாரிடம் பேசுவான் என்பதில்தான் கதை இருக்கிறது.

பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் மில்களுக்குப் பக்கத்தில் அப்படிப் பேச ஓர் இடம் இருந்தது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் மில் தொழிலாளிகள் இல்லை, வியாபாரிகள். பக்திச் சொற்பொழிவுகள் நடத்தும் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபையையும் நடத்திவந்தார்கள். அங்கே வந்து உட்கார்ந்த தொழிலாளிகள், சாமி கதையைக் கேட்டதோடு தங்கள் கதையையும் சொன்னார்கள். சாப்பிடக் கொடுக்கும் நேரம் போதவில்லை, கையைக் கழுவி வருவதற்குள் மணி அடித்துவிடுகிறது, தாமதமானால் வைகிறார்கள் என்றார்கள். கேட்டுக்கொண்டிருந்த இருவரும், அன்னி பெசன்ட்டின் 'நியூ இந்தியா' பத்திரிகையில் இருந்த பி.பி.வாடியாவைப் போய்ப் பார்த்தார்கள். வாடியா பெரம்பூருக்கு வந்தார். 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், 'தேசபக்தன்' ஆசிரியராக இருந்த திரு.வி.க. துணைத் தலைவர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதற்கு வரலாற்றில் இடம் உண்டு.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் வாடியாவில் தொடங்குவார்கள். என்னைக் கேட்டால், சபை முடிந்தபின் நடந்த அந்தப் பேச்சிலிருந்துதான் தொடங்க வேண்டும். செட்டியாருக்கும் நாயுடுவுக்கும் யாரும் பதவி கொடுக்கவில்லை. ஒருவர் சொன்ன குறையைக் கேட்டு, 'உனக்கு மட்டும்தானா, மற்றவர்களுக்கும் அப்படியா?' என்று விசாரித்து, நாலு பேர் குறையை ஒரே குறையாகக் கோத்தார்கள். அவர்கள் பேச்சு எடுபட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேஸ்திரியால் அவர்கள் வயிற்றில் அடிக்க முடியாது.

உள்ளே இருப்பவன் வாய் திறந்தால் வேலை போய்விடும், அதனால் வெளியாள்தான் பேச வேண்டும் என்ற நிலை அதன்பின் ரொம்ப காலம் நீடித்தது. 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமும் அதை ஏற்றுக்கொண்டது. நிர்வாகிகளில் பாதிப் பேராவது அந்தத் தொழிலில் வேலை செய்பவராக இருக்க வேண்டும் என்று அது சொன்னது. மீதிப் பாதி வெளியாட்களாக இருக்கலாம். வக்கீல்களும் அரசியல்காரர்களும் தொழிலாளர் தலைவர்களாக வந்தது அந்தக் கதவு வழியாகத்தான். அவர்களில் பலர் சிறைக்குப் போனவர்கள், சொந்தச் சொத்தைக் கரைத்தவர்கள். அவர்கள் செய்ததைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் தறிக்கு முன்னால் நின்றவன் தன் வாயால் பேசிப் பழகும் வாய்ப்பு அதனால் தள்ளித் தள்ளிப் போனது.

மேஸ்திரி முறையைப் பற்றி உரக்கச் சொன்ன அரசாங்க ஆவணம் விட்லி கமிஷன் அறிக்கை. 1929இல் அமைத்த அந்த ராயல் கமிஷன், 1931இல் அறிக்கை தந்தது. ஆள் எடுப்பதும் நீக்குவதும் மேஸ்திரி கையில் இருக்கக் கூடாது, அதற்கென்று தொழிலாளர் அதிகாரியை நியமிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை. சுதந்திரம் வந்த 1947இல் தொழில் தகராறு சட்டம், நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் தொழிலாளியும் நிர்வாகமும் சரிசமமாக உட்காரும் ஒர்க்ஸ் கமிட்டிக்கு வழி செய்தது. நல்ல எண்ணம்தான். நடைமுறையில் கேன்டீன் சாம்பாரும் கழிவறைத் தண்ணீரும் யூனிஃபார்ம் துணியும்தான் அங்கே பேசப்பட்டன. மெஷினைப் பற்றித் தொழிலாளியிடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

நான் அம்பத்தூரில் ஓர் ஆலையில் ஷிப்ட் இன்ஜினியராகச் சேர்ந்தபோது மேஸ்திரிகளின் காலம் முடிந்திருந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் சென்னையின் வடக்கிலும் மேற்கிலும் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. எண்ணூரில் அசோக் லேலண்ட், பெரம்பூரில் ஐ.சி.எஃப்., பாடியில் டி.வி.எஸ். குழுமத்து ஆலைகள், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. இவற்றை நம்பி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள். ஆள் எடுக்க வேலைவாய்ப்பு அலுவலகமும் ஐ.டி.ஐ. சான்றிதழும் வந்துவிட்டன. டிராயிங் படிக்கத் தெரிந்த, வெர்னியர் பிடிக்கத் தெரிந்த தொழிலாளிகள் அவர்கள். மேலே ஃபோர்மேன், அவருக்கு மேலே என்னைப் போன்ற இன்ஜினியர்கள். எங்களை 'சார்' என்று கூப்பிடுவார்கள். ஷாப்பில் 'அண்ணே' என்று கூப்பிடப்பட்டவர் ஒருவர்தான். அவர் செட்டர்.

லேத்தில் டூல் கட்டி, அளவு செட் செய்து ஆபரேட்டரிடம் ஒப்படைப்பதுதான் செட்டர் வேலை. சம்பளப் பட்டியலில் ஃபோர்மேனுக்குக் கீழே. ஆனால் துளை அளவு மீறிப் போய் பீஸ்கள் ரிஜெக்ட் ஆகத் தொடங்கினால் எல்லோரும் அவரைத்தான் பார்ப்பார்கள். நான் ஒன்று சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். கேட்டுவிட்டு ஒரு கணம் அவர் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் லேசாகத் தலையசைத்த பிறகுதான் கை நகரும். எதனால் இவருக்கு இந்த மதிப்பு என்று கவனித்துப் பார்த்தேன். கைத்திறமை ஒரு காரணம். அது மட்டுமே என்றால், அவரை விடக் கெட்டிக்காரரான இன்னொரு செட்டரும் அங்கே இருந்தார். அவரிடம் யாரும் போக மாட்டார்கள்.

வித்தியாசம் பேச்சில் இருந்தது. பிரச்சினை என்று போனால் அவர் உடனே மெஷினில் கை வைக்க மாட்டார். "ராத்திரி ஷிப்ட்டுல என்ன ஓட்டுனாங்க? டூல் மாத்துனியா, இல்ல அதே டூல்தானா? சத்தம் எப்பலேர்ந்து மாறுச்சு?" என்று கேட்பார். கேட்டுக்கொண்டே போகும்போது ஆபரேட்டரே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடுவான். பிறகு ஃபோர்மேன் வந்து விசாரித்தால், "இந்தத் தம்பிதான் சார் மொதல்ல பார்த்தான்" என்பார். கண்டுபிடித்தது தான் என்றாலும் அப்படித்தான் சொல்வார். அந்த ஒரு வரிக்காக அந்தப் பையன் அடுத்த ஒரு மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு மெஷினைப் பார்ப்பான். இன்னொரு செட்டரோ, "உனக்கு எத்தனை தடவை சொல்றது" என்று ஆரம்பிப்பார். அவரிடம் போவதை விட ரிஜெக்ட் பீஸை மூலையில் ஒளித்து வைப்பது மேல் என்று பையன்கள் முடிவு செய்திருந்தார்கள்.

இதற்கும் எல்லை இருந்தது. அந்த அண்ணன் பேச்சு அந்த ஷாப்பைத் தாண்டாது. நிர்வாகக் கூட்டத்தில் அவருக்கு நாற்காலி கிடையாது. ஹெல்பராக இருந்தவர்களும் துப்புரவுப் பணியாளர்களும் டீ நேரத்தில் அவரைச் சுற்றிக் கூடும் வட்டத்துக்கு வெளியேதான் நின்றார்கள். யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர், எந்தத் தெரு என்பது பேசப்படாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெண்கள் எங்கள் ஷாப்பில் இல்லவே இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு இரவு ஷிப்ட்டில் பெண்களுக்கு இடம் தரவில்லை. மூன்று ஷிப்ட் ஓடும் ஆலைகள் அதையே காரணமாகக் காட்டிப் பெண்களை எடுக்காமல் இருந்தன. 2000இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. இன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அதிகாலையில் பஸ் பஸ்ஸாக இறங்கும் இளம்பெண்களைப் பார்ப்பவர்களுக்கு, அந்தத் தீர்ப்பு நேற்று வந்தது போலத்தான் என்பது நினைவுக்கு வருவதில்லை.

அந்த அண்ணன் தன் சுபாவத்தால் செய்ததை ஒரு முறையாகவே செய்யலாம் என்று காட்டியவர்கள் ஜப்பான்காரர்கள். 1950இல் அங்கே போய்த் தரக் கட்டுப்பாடு பற்றிப் பாடம் எடுத்த அமெரிக்கர் எட்வர்ட்ஸ் டெமிங், ஆலையிலிருந்து பயத்தை வெளியேற்றாமல் தரம் வராது என்பதைப் பின்னாளில் தன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாகவே வைத்தார். 1962இல் தரக் கட்டுப்பாட்டு வல்லுநர் இஷிகாவாவின் முயற்சியில் தரவட்டங்கள் தொடங்கின. ஒரே வேலையைச் செய்யும் சிலர் வாரம் ஒருமுறை உட்கார்ந்து, தங்கள் வேலையில் உள்ள குறையைத் தாங்களே பேசித் தீர்ப்பது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஐதராபாத் பெல் ஆலை வழியாக அது இந்தியாவுக்கு வந்தது. 1982இல் அதற்கென்று தேசிய அமைப்பும் உருவானது.

அது சென்னையில் வேர் பிடித்த விதம் தனியாகச் சொல்ல வேண்டியது. தரத்துக்காக 1951 முதல் ஜப்பான் வழங்கிவரும் டெமிங் பரிசை வாங்கிய முதல் இந்திய நிறுவனம் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, ஆண்டு 1998. 2001இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2002இல் ஓசூர் டி.வி.எஸ். மோட்டார், 2003இல் ராணே பிரேக் லைனிங்ஸ், 2004இல் லூகாஸ் டி.வி.எஸ். என்று வரிசையாக அந்தப் பரிசு வந்தது. ஜப்பானியப் பேராசிரியர்கள் வந்து ஆலைத் தளத்தில் மணிக்கணக்கில் நின்றார்கள். இன்ஜினியர் விளக்கம் சொல்ல வாயெடுத்தால் கையமர்த்திவிட்டு ஆபரேட்டரிடம் கேட்பார்கள் என்று அந்தக் காலத்தில் வேலை பார்த்த நண்பர்கள் சொல்வார்கள். ஏன் இப்படி ஆகிறது? அதற்கு ஏன்? அதற்கும் ஏன்? தன் முதலாளிக்கு முன்னால் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர் தன்னிடம் கேள்வி கேட்டு, பதில் முடியும்வரை காத்து நின்றது பல தொழிலாளிகளுக்கு முதல் அனுபவம். பரிசை விட அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

இன்றைக்கு வருவோம். ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் பயிற்சி வேலைக்காகச் சில வாரங்கள் போய்வந்தேன். காலை ஆறு மணி ஷிப்ட். லைன் ஓடுவதற்கு முன் ஐந்து நிமிடம் எல்லோரும் ஒரு போர்டுக்கு முன்னால் அரைவட்டமாக நிற்கிறார்கள். டீம் லீடர் நேற்றைய டார்கெட், அவுட்புட், ரிஜெக்ஷன் என்று படிக்கிறார். பாதுகாப்பு உறுதிமொழி. "எல்லாரும் ஓகேவா?" "ஓகே சார்." கலைகிறார்கள். இந்த ஐந்து நிமிடம் இன்று இந்தப் பகுதியில் அநேகமாக எல்லா ஆலையிலும் உண்டு. பெரும்பாலான நாட்களில் அது வாய்ப்பாடு ஒப்பிப்பதுதான். ஒரு நாள் அப்படி இல்லை.

செய்யாறு பக்கத்திலிருந்து வரும் பெண். சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. "ஓகே சார்" என்று எல்லோரும் சொல்லி முடித்தபின் மெல்லச் சொன்னாள்:

"சார், மூணாவது ஸ்டேஷன்ல டார்க் கன் கிளிக் ஆகறதுக்கு முன்னாடியே நின்னுடுது."

"கேலிப்ரேஷன் போன வாரம்தானம்மா முடிஞ்சுது?"

அவள் பேசவில்லை. அதோடு முடிந்திருக்கும். பக்கத்தில் நின்ற வயதில் மூத்த பெண் வாயைத் திறந்தார். "அவ சொல்றது சரிதான் சார். எனக்கும் நேத்து ரெண்டு தடவை அப்படி ஆச்சு. நான்தான் சொல்லல, மறுபடி ஒருக்கா அடிச்சு அனுப்பிட்டேன்."

அரைவட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒடிசா இளைஞன் இந்தியில் ஏதோ சொன்னான். ஆம்பூர்ப் பையன் ஒருவன் அதைத் தமிழில் எடுத்துச் சொன்னான்: "அவன் ஸ்டேஷன்லயும் காத்து குறையுதாம் சார். கன்னுல கோளாறு இல்லங்கறான்."

டீம் லீடர் அப்போது சரியான ஒரு கேள்வியைக் கேட்டார். "எப்போ குறையுது? நாள் முழுக்கவா?"

"டீ டைம் முடிஞ்சு எல்லா லைனும் ஒண்ணா ஸ்டார்ட் ஆகும்போது சார்" என்றாள் அந்தப் பெண்.

மெயின்டனன்ஸ் ஆள் வந்து, போல்ட் முறுக்கும் அந்தக் கன்களுக்குக் காற்று தரும் ஏர் லைனில் பிரஷர் இறங்குவதைக் கண்டுபிடித்தார். சரியாக முறுக்கப்படாத போல்ட்டோடு பாகங்கள் வெளியே போயிருக்கக்கூடும், அது நின்றது.

இந்தப் பேச்சை நான் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு பலமுறை படித்துப் பார்த்தேன். அந்த அரைவட்டத்தில் அன்றைக்குத் தலைமை யாரிடம் இருந்தது? முதலில் சொன்ன பெண்ணிடமா? 'எனக்கும் அப்படித்தான், நான்தான் சொல்லாமல் விட்டேன்' என்று தன் தவற்றையும் சேர்த்துச் சொல்லி அவளுக்குத் துணை நின்ற அக்காவிடமா? மொழி தெரியாதவன் பேச்சை வீணாக விடாத ஆம்பூர்ப் பையனிடமா? தன் பதிலைத் தானே விட்டுக்கொடுத்து அடுத்த கேள்வியைக் கேட்ட டீம் லீடரிடமா? அது கை மாறிக்கொண்டே இருந்தது. அந்த அக்கா மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால், செய்யாற்றுப் பெண் இனி எந்தக் கூட்டத்திலும் பேசியிருக்க மாட்டாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புதிதாக ஒருவர் சொன்னதை இரண்டாவதாக ஒருவர் வழிமொழிகிறாரா என்பதில்தான் பல குழுக்களின் தலையெழுத்து இருக்கிறது.

அடுத்த வாரத்துக்குள் லைனில் எதற்கென்றாலும் அந்தப் பெண்ணைத் தேடத் தொடங்கியிருந்தார்கள். "அவகிட்ட கேளு, அவ பார்த்திருப்பா" என்பது சாதாரணப் பேச்சாகிவிட்டது. யாரும் நியமிக்கவில்லை.

குழுவில் அதிகம் பேசுபவரையே மற்றவர்கள் தலைவராக நினைத்துவிடுவார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். என்ன பேசுகிறார் என்பதை விட எவ்வளவு நேரம் பேசுகிறார் என்பது கணக்கில் வந்துவிடுகிறதாம். இன்றைய ஏசி மீட்டிங் அறைகளில் நான் பார்ப்பதும் அதைத்தான். ஆலைத் தளத்தில் அது அவ்வளவு எளிதில் நடப்பதில்லை. அங்கே பேச்சுக்குப் பக்கத்திலேயே பொருள் இருக்கிறது. நீட்டி முழக்கியவர் சொன்னபடி செய்தும் பீஸ் ரிஜெக்ட் ஆனால், மறுநாள் அவர் பேச்சு எடுபடாது.

ஆனால் ஆலைக்கும் அதற்கே உரிய ஆபத்து உண்டு. ஹார்வர்டைச் சேர்ந்த ஏமி எட்மண்ட்சன் தொண்ணூறுகளில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாகச் சேர்ந்து வேலை செய்யும் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் தவற்றை மறைக்காமல் பேசியதுதான் காரணம் என்று தெரிந்தது. 'இந்த வாரம் குறை எதுவும் இல்லை' என்று பச்சை நிறத்தில் மின்னும் போர்டுகளைப் பார்க்கும்போதெல்லாம், அந்த அக்கா இரண்டாம் முறை அடித்து அனுப்பிய போல்ட்டுகள்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

இன்னொன்று எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. மேஸ்திரி போய்விட்டார் என்றேன். வேறு சட்டையில் திரும்பி வந்திருக்கிறார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆள் கூட்டி வரும் லேபர் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசரைப் பாருங்கள். இரண்டு மொழியும் அவருக்குத்தான் தெரியும். தங்க ரூம் அவர் ஏற்பாடு, ஊருக்குப் போக அட்வான்ஸ் அவர் கையில், நாளைக்கு எந்த கம்பெனிக்கு யார் போவது என்பது அவர் முடிவு. 1931இல் விட்லி கமிஷன் எதை எடுத்துவிட வேண்டும் என்றதோ, அதுவேதான் இது. அதனால்தான் ஆம்பூர்ப் பையன் அன்று செய்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவனும் நடுவில் நின்றுதான் பேசினான். ஆனால் லைனில் பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்பவனாக, அத்தனை பேர் காதில் விழும்படி பேசினான். ஒடிசா இளைஞன் நேராகத் தன் வாயால் சொன்னது உடனே கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்த வாய்ப்பு கான்ட்ராக்ட் தொழிலாளிக்குத் தினமும் கிடைப்பதில்லை. பல ஆலைகளில் அவர்கள் காலை அரைவட்டத்திலேயே நிற்பதில்லை. தனியாக, தங்கள் சூப்பர்வைசர் முன்னால் நிற்கிறார்கள்.

காலமும் குறைந்துவிட்டது. எங்கள் செட்டர் அண்ணன் அந்த மதிப்பைச் சம்பாதிக்கப் பதினைந்து இருபது வருடம் எடுத்துக்கொண்டார். 2013இல் வந்த 'நீம்' திட்டத்தில் பயிற்சியாளர்களை மூன்று ஆண்டு வரைதான் வைத்துக்கொள்ள முடிந்தது. அதன் பிறகும் அப்ரண்டிஸ், டிரெய்னி, கான்ட்ராக்ட் என்று பெயர் மாறுகிறதே தவிர, ஒரே லைனில் ஒரே முகங்கள் நிலைப்பதில்லை. ஒருவர் பேச்சை மற்றவர்கள் நம்பத் தொடங்கும்போது அவர் கணக்கு முடித்து அனுப்பப்படுகிறார். நிறுவனங்கள் தலைமைப் பண்புப் பயிற்சிக்குச் செலவு செய்வதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பணத்தில் நாலு பேரை நிரந்தரமாக்கியிருந்தால் தலைமை தானாக வந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

உள்ளே பேச முடியாதது எங்கே போகிறது? 1918இல் சபைக்குப் போனது போல இன்று ஹாஸ்டல் அறைக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் போனுக்கும் போகிறது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பகுதி ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளிகள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு விஷமாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகள் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி போனில் பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்காகப் பேசச் சங்கம் இல்லை. ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்தவர்கள், ஒரே பஸ்ஸில் தூங்கி வழிந்து போனவர்கள் ஒருவரையொருவர் நம்பி எழுந்து வந்தார்கள். ஆலை மூடப்பட்டு, ஜனவரியில்தான் மறுபடி திறந்தது. விடுதி வசதிகள் போதுமான தரத்தில் இல்லை என்பதை ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. சோற்றில் குறை இருக்கிறது என்று அந்தப் பெண்கள் முன்பே சொல்ல ஓர் அரைவட்டமும், கேட்க ஒரு காதும் இருந்திருந்தால் அவர்கள் சாலைக்கு வந்திருக்கத் தேவையில்லை.

2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. சம்பளம் ஒரு பிரச்சினை. யார் தொழிலாளிகளுக்காகப் பேசுவது என்பது அதை விடப் பெரிய பிரச்சினை. நிறுவனம் தொழிலாளர் கமிட்டி ஒன்றோடு ஒப்பந்தம் போட்டது. போராடியவர்கள் தங்கள் சங்கத்தோடுதான் பேச வேண்டும் என்றார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. நூறு வருடத்துக்கு முன் பெரம்பூரில் எழுந்த அதே கேள்விதான். ஆனால் இப்போது அதைக் கேட்டவர்கள் தாங்களே மைக் முன்னால் வந்து நின்றார்கள். தொலைக்காட்சியில் அந்த இளைஞர்கள் பேசியதைக் கேட்டேன். தயங்கவில்லை.

செய்யாற்றுப் பெண்ணைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன். நான் போய்வந்த காலம் முடிவதற்குள் அவளுக்கு லைன் லீடர் பொறுப்பு கொடுத்தார்கள். தொப்பி நிறம் மாறியது. போர்டுக்கு முன்னால் நின்று டார்கெட்டைப் படிக்கும் வேலை இப்போது அவளுடையது. லீவு கேட்பவர்கள் அவளிடம்தான் கேட்க வேண்டும். வராதவர்கள் பட்டியலையும் அவள்தான் மேலே அனுப்ப வேண்டும். சம்பளம் கொஞ்சம் கூடியது. வீட்டில் சந்தோஷம்.

கேன்டீனில் பார்த்தபோது கேட்டேன், எப்படி இருக்கிறது என்று. "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா நான் போய் உக்காந்தா இவங்க பேச்ச மாத்திடறாங்க" என்றாள். டார்க் கன்னில் மறுபடியும் ஏதோ சிக்கல் என்று அன்று காலை மெயின்டனன்ஸ்காரர் சொல்லித்தான் தனக்குத் தெரிந்ததாம். லைனில் இருந்தவர்கள் முதல் நாளே அதைக் கவனித்திருக்கிறார்கள். கவனித்து, ஆம்பூர்ப் பையனிடம் சொல்லியிருக்கிறார்கள்.